தாய்மார் வரிசையில் அப்பா

வெந்நீரில் பால் பவுடரைக் கொட்டிக் கலக்கும்போது முதலில் எழுவது பால் வாசனை அல்ல. நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாசனை ஒன்று வரும். அதன் பின்னாலேயே சற்றுத் தீய்ந்த சர்க்கரையின் வாசனை. இரண்டும் அடங்கிய பிறகுதான் கொஞ்சம் பால். பெரிய அலுமினிய அண்டாவில் ஆயா அதை மரத்துடுப்பால் கிண்டுகிற சத்தமும், கரையாமல் மிதக்கும் கட்டிகளை ஓரத்தில் வைத்து நசுக்குகிற சத்தமும் கேட்டால், வெளியே வரிசையில் நிற்கும் தாய்மார்கள் இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தூக்குச்சட்டியின் மூடியைத் திறப்பார்கள். ஐம்பதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அந்த வரிசையில் தாய்மார்களுக்கு நடுவே என் அப்பா நின்றார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்த ஓட்டுக்கட்டிடம் அது. தாய் சேய் நல நிலையம் என்று அதன் முகப்பில் எழுதியிருக்கும். எங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது "பாலாபீஸ்". அங்கே ஊற்றியது "அமெரிக்காப் பால்". அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பசு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் வைத்த பெயர் "பவுடர் பிள்ளை". என் தம்பி குற்றாலிங்கம் பவுடர் பிள்ளை.

அப்பாவின் பெயர் ஆறுமுகம். குற்றாலத்தில் சீசன் காலத்தில் அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். சாரல் விழத் தொடங்கினால் வெளியூர்ப் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து பங்களாக்களில் தங்குவார்கள். பாறைமேல் பலகை போட்டு அவர்களை உட்காரவைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, தட்டி, நீவி, அருவிக்கு அனுப்பிவைப்பார். மூன்று மாதம் அந்த வேலை. மீதி ஒன்பது மாதம் விறகு உடைப்பார், நெல் மூட்டை தூக்குவார், கிணறு வெட்டப் போவார், ஒன்றும் கிடைக்காத நாளில் வாசலில் உட்கார்ந்து கோடரிக் காம்பைச் செதுக்கிக்கொண்டிருப்பார். அம்மா, பேச்சியம்மாள், வயல் வேலைக்குப் போனாள். பெரிய கஷ்டம் என்று அதை நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. சுற்றியிருந்த எல்லா வீடும் அப்படித்தான் இருந்தது.

தம்பி பிறந்து மூன்று மாதத்தில் அம்மாவின் இருமலில் இரத்தம் வந்தது. தென்காசி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, சயரோகம், வெளியூரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும், பிள்ளைக்கு இனி ஒரு வாய்கூடத் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது என்றார்கள். ரயிலேறும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தம்பியைத் தூரத்திலிருந்தே பார்த்தாள். அவள் படுத்த பாயையும் உடுத்திய சேலைகளையும் எரித்துவிடச் சொல்லியிருந்ததால், அன்று மாலையே அப்பா வீட்டுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கொளுத்தினார். அந்தப் புகையைப் பார்த்துத்தான் தெருவுக்கு விஷயம் தெரிந்தது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒருவரும் தீ வாங்கக்கூட வரவில்லை.

சிவகிரியிலிருந்து பெரியப்பா வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, பெண்பிள்ளையான என்னைத் தன்னோடு அனுப்பிவிடும்படியும், கைப்பிள்ளையை ஏதாவது அநாதை விடுதியில் சேர்த்துவிடும்படியும் யோசனை சொன்னார். ஆம்பிளை வளர்த்துக் கைப்பிள்ளை பிழைத்ததாகச் சரித்திரம் இல்லை என்பது அவர் கட்சி. அப்பா எதிர்த்துப் பேசுகிற ஆள் அல்ல. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் இங்கனயே கெடக்கட்டும் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் தம்பியைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு பாலாபீசுக்குப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவர் எஸ்தர் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் அல்ல; தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்க அரசாங்கம் அனுப்பிய சேவிகா. வெள்ளைச் சேலை கட்டி, கொண்டையை இறுக்கிப் போட்டு, குடையோடு நடந்துபோகும் அந்த அம்மாளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. அவர் அப்பாவைப் பார்த்துத் தயங்கினார். பால் தாய்மாருக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று விதி. ஆண்களிடம் கொடுத்தால் பவுடர் டீக்கடைக்குப் போய்விடுகிறது என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பெரிய மகள் இருந்தால் அவளை அனுப்பலாமே என்றார்.

"அவ பள்ளிக்கூடம் போவணும் டீச்சர்" என்றார் அப்பா. "இவன் தாயி வர ஆறேழு மாசம் ஆவும்னு சொல்லுதாவ. அது வரைக்கும் நாந்தான் வரணும்."

டீச்சர் அம்மாவின் பெயரைப் பதிந்துகொண்டு, அப்பாவை வரிசையில் நிற்கச் சொன்னாராம்.

அந்த வரிசை பெண்களின் இடம். அங்கே நின்றபடியே பிள்ளைக்குப் பால் கொடுப்பார்கள், புருஷன் அடித்ததைச் சொல்லி அழுவார்கள், வாய்விட்டுச் சிரிப்பார்கள். நடுவில் ஓர் ஆம்பிளை வந்து நின்றதும் எல்லாம் நின்றுபோயிற்று. மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அதோடு "டிபி வீட்டு" ஆள் வேறு. எல்லாரையும்விட உரக்கப் பேசியவள் பீடி சுற்றும் மைதீன்பாத்து. எட்டு மாதப் பெண்குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. இந்த அண்ணாச்சி இங்கே நின்றால் நாங்கள் எப்படிப் பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பாவுக்கும் அது புரிந்தது. அன்றிலிருந்து வரிசையை விட்டு விலகி, சாலையோரத்து வேப்பமரத்தடியில், பெண்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கடைசிப் பெண்ணும் வாங்கிப் போனபிறகு ஆயா குரல் கொடுப்பாள். அதற்குள் பால் ஆறி, அண்டாவின் அடியில் கட்டிகள்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சாலை வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உடன் வரும் பெண்கள் வேப்பமரத்தடியைப் பார்த்ததும் ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள். பெண்கள் வரிசைக்கு முதுகைக் காட்டி, தோளில் பிள்ளையும் கையில் தூக்குச்சட்டியுமாக, சாலையைப் பார்த்து நின்ற அப்பாவின் முகம் நேராக எங்களைத்தான் பார்த்தது. அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. மத்தியானம் பள்ளியில் போடும் சோற்றுக்குத் தட்டோடு உட்காரும்போது, நாங்கள் இரண்டு இடத்தில் கை நீட்டுகிற குடும்பம் என்பது நினைவுக்கு வரும். ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிடுவேன். பசிக்கு முன்னால் வெட்கம் நிற்காது. சாப்பிட்டு முடித்த பிறகு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனியில் சாரல் விழுந்தது. காலையில் அருவிக்கு வருகிறவர்கள்தான் தாராளமாகக் கொடுப்பவர்கள். அப்பா அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். பாலை வாங்கி, சங்கில் ஊற்றிப் புகட்டி, அடுத்த வீட்டு அத்தையின் வாசலில் தனிப்பாயில் தம்பியைக் கிடத்திவிட்டு அவர் குற்றாலம் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும்.

ஆடி மாதத்தில் ஏழைத் தாய்மார்களுக்கு உதவி வழங்கும் விழா ஒன்று குற்றாலத்தில் ஏற்பாடாயிற்று. வெளியூரிலிருந்து அதிகாரிகளும் அவர்கள் வீட்டு அம்மாள்களும் வருவதாக இருந்தது. பால் வாங்குகிற குடும்பங்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா வேண்டாம் என்றுதான் பார்த்தார். வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று டீச்சரே கவலைப்பட்டதால், இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தம்பியையும் என்னையும் கூட்டிப் போனார்.

மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசை நாற்காலிகளில் இருந்த பலரை அப்பாவுக்குத் தெரியும். அவர்கள் முதுகில் எண்ணெய் தேய்த்திருக்கிறார். அவர்களுக்கு அப்பாவைச் சட்டையோடு அடையாளம் தெரியவில்லை. மேடையிலிருந்து ஒருவர் பெயர் பெயராகப் படித்தார். ஒவ்வொரு தாயும் ஏறிப்போய் ஒரு சேலையும், பழமும், குங்குமமும் வாங்கிக்கொண்டு இறங்கினாள். பிறகு "திருமதி பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டார்கள்.

அப்பா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து நடந்தார். முதலில் ஒரு மூலையில் மட்டும் சிரிப்புக் கேட்டது. அவர் மேடைப்படி ஏறவும் அது மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. சேலையை எடுத்த அம்மாள், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் பெயர் படித்தவரைத் திரும்பிப் பார்த்தாள். குங்குமத்தட்டு வைத்திருந்த சிறுமி பழக்கத்தில் அதை அப்பாவிடம் நீட்டினாள். அப்போதுதான் முன்வரிசையில் ஒருவருக்கு ஆள் பிடிபட்டது.

"அட, நம்ம எண்ணெய்க்காரன்லா! சேலையத் தோள்ல போட்டுக் காட்டும்வே, பாப்போம்."

மண்டபம் அதிர்ந்தது. போட்டோ பிடிக்கிறவர் அப்பாவைச் சற்றே இந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். அப்பா திரும்பினார். சிரித்தார். அருவிக்கரையில் வாடிக்கைக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அழுதிருந்தாலோ கோபப்பட்டிருந்தாலோ எனக்குத் தாங்கியிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். மேடையோரத்தில் எஸ்தர் டீச்சர் குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

திரும்பி நடந்துவரும் வழி முழுக்கச் சாரல். சேலை நனையாமல் அதைத் தம்பியோடு சேர்த்துத் துண்டுக்குள் வைத்திருந்தார் அப்பா. மேலகரம் வந்ததும், "அம்மாட்ட இதச் சொல்லாண்டாம்" என்றார்.

மறுநாள் அவர் பாலாபீசுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அருவிக்கும் போகவில்லை, அங்கேயும் அந்தச் சிரிப்பு காத்திருக்குமல்லவா. டீக்கடையில் பாலை வாங்கித் தண்ணீர் விட்டுப் பெருக்கினார். அதற்கும் முடியாதபோது கஞ்சித் தெளிவைப் புகட்டினார். ஒரு வாரத்துக்குள் தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. முதல் நாள் வீறிட்டு அழுதான். அடுத்த நாள் முனகினான். அதற்கடுத்த நாள் காலையில் அவன் அழவே இல்லை. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது. கண் பாதி திறந்தபடி கிடந்தது. அப்பா அவன் காலைப் பிடித்து நீவிப் பார்த்தார். ஊரார் உடம்பையெல்லாம் உருவிவிட்ட கைக்கு அந்தச் சின்னக் கால் பிடிபடவில்லை. பிறகு பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அன்று அவர் வேப்பமரத்தடியில் நிற்கவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போய், பெண்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அறையின் நடுவில் நின்று, "எம் பிள்ளையப் பாருங்க" என்றார். வேறொன்றும் சொல்ல வரவில்லை. பெண்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள், தங்கள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு. டீச்சர் தம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டி பிடிக்க ஆயாவை விரட்டினார்.

அப்போது மைதீன்பாத்து தன் பெண்ணைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள். "பிள்ளைய இங்கன தாரும் அண்ணாச்சி" என்றாள். யாரோ அவளைப் பின்னாலிருந்து இழுத்து, தாய்க்காரிக்கு என்ன நோய் என்று நினைவூட்டினார்கள். "நோவு தாய்க்கு. பிள்ளைக்குப் பசி" என்று சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். தம்பிக்கு உறிஞ்சத் தெம்பில்லை. அவள் ஒருத்தியிடம் சங்கை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி, அதில் பாலைப் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாக அவன் உதட்டில் விட்டாள். அப்பா வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தொண்டை அசைகிறது என்று டீச்சர் சொன்னதும் அவர் நிலைப்படியில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பிழைத்துவிடுவான் என்று சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் டீச்சர் காலையிலும் மாலையிலும் வந்து போனார். ஒரு மாலையில் அப்பாவிடம், "அன்னைக்கு உங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்கன்னு நான் அவங்ககிட்ட சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. பெரிய ஆளுங்க. பயந்துட்டேன்" என்றார். அப்பா, நீங்கள் என்னம்மா செய்வீர்கள் என்பதுபோல் எதையோ சொல்லி மழுப்பினார். ஆனால் டீச்சர் அதை அத்துடன் விடவில்லை.

தம்பி வீட்டுக்கு வந்ததும், விழாவில் கொடுத்த அந்தச் சேலையை அப்பா பரணிலிருந்து எடுத்து உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினார். மைதீன்பாத்து தினமும் பாலாபீசுக்கு வரும்போது தம்பிக்கும் ஒரு வேளை பால் கொடுத்தாள். தன் மகளுக்கு அவன் இனிமேல் உடன்பிறந்தவன் மாதிரி, "பால்குடித் தம்பி" என்றாள். வெகுகாலம் வரை பெருநாளைக்கு அவள் வீட்டிலிருந்து அவனுக்குத் தனியாக ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது.

டீச்சர் செய்தது இதுதான். பொழுது சாய்ந்து ஆண்கள் வேலையிலிருந்து திரும்புகிற நேரத்தில், வாரத்தில் இரண்டு நாள், பாலாபீசின் கதவைத் திறந்துவைத்தார். பிள்ளையைத் தனியாக வைத்துக் காப்பாற்றுகிற தகப்பன்மார் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். முதல் நாள் அப்பாவைத் தவிர ஒருவரும் வரவில்லை. பிறகு, பெண்டாட்டியைப் பிரசவத்தில் இழந்த ரயில்வே கூலி ஒருவர் வந்தார். அதன்பின், மனைவி மலைக்கு அந்தப் பக்கம் தேயிலை பறிக்கப் போயிருக்க, பிள்ளைகளோடு இங்கே இருந்த ஒருவர். கொஞ்ச நாளில் ஆறேழு பேர் ஆகிவிட்டார்கள். விளக்கை வைத்துக்கொண்டு, கதவை விரியத் திறந்துவிட்டு, ஆயாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீரை எப்படிக் கொதிக்கவைப்பது, சங்கை எப்படிக் கழுவுவது, காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் என்ன செய்வது என்று டீச்சர் சொல்லிக்கொடுப்பார். சேற்றுக்காலோடு வரும் அந்த ஆண்கள் பிள்ளையைத் தராசுத் தொட்டிலில் வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எடை ஏறியிருந்தால் டீச்சரைவிட மற்றத் தகப்பன்மாருக்குத்தான் சந்தோஷம். தம்பியைத் தூக்கப் போகும் சாக்கில் நானும் போவேன். அப்பா வேறு ஆண்களோடு சரிசமமாக உட்கார்ந்து, மனம்விட்டுச் சிரித்துப் பேசியதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சம் குறைந்ததும் அங்கேதான்.

ஆனால் ஊர் வேறுவிதமாகப் பேசியது. கல்யாணமாகாத பெண், இருட்டுகிற நேரம், ஆம்பிளைகள் வந்து போகிறார்கள் — இதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும். "சாயங்கால ஆபீஸ்" என்று டீக்கடையில் ஒரு சொல் உண்டாயிற்று. அதைச் சொல்லும்போது தொனி மாறும். மேலிடத்துக்குப் புகார் போயிற்று. விசாரிக்க அதிகாரி வரப்போவதாகத் தெரிந்தது.

அந்த வாரம் தகப்பன்மார் கூடியபோது டீச்சர் குரலைத் தாழ்த்திப் பேசினார். முகம் வெளுத்திருந்தது. "நீங்க எனக்காக ஒண்ணும் பேச வேண்டாம். எதுக்கு வந்தோம்னு மட்டும் யாராவது ஒருத்தர் வந்து அவங்ககிட்ட சொன்னா போதும்."

ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பால் புகட்டப் பழக வந்தோம், பீத்துணி கசக்கப் பழக வந்தோம் என்று பத்துப் பேர் முன்னால் ஓர் ஆம்பிளை எப்படிச் சொல்வது? ரயில்வே கூலி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலில் எழுந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அப்பாதான் கடைசி. "நான் வாரேன் டீச்சர்" என்றார்.

விசாரணை நாளன்று அவர் சட்டை போட்டுக்கொண்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. மரத்தடியில் ஆட்கள் கூட்டமாக நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், புகார் கொடுத்தவர்களின் ஆட்கள், சும்மா வந்தவர்கள். உள்ளேயிருந்து டீச்சரின் குரல் கேட்டது. கேள்வி உரக்கவும் பதில் மெல்லவும். அப்பா வாசல் கேட்டில் கையை வைத்தார். மரத்தடியிலிருந்து ஒருவன், அதிகம் சத்தம் போடாமல், விளையாட்டாகத்தான் கேட்டான்.

"என்ன ஆறுமுகம், இன்னைக்கும் சேலை குடுக்காவளா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான். அப்பாவின் கை கேட்டிலிருந்து இறங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வழியில் நான் அண்ணாந்து பார்த்தேன், முகத்தில் ஒன்றுமில்லை. பிள்ளை உயிருக்காக ஓர் அறை நிறையப் பெண்களுக்கு நடுவில் போய் நின்ற மனிதரால், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிய டீச்சருக்காகப் பத்தடி நடக்க முடியவில்லை. அவர் கோழையா என்று அந்த வயதில் எனக்குக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை. இன்று கேட்டாலும் பதில் தெரியவில்லை. ஒரு மனிதனுக்குத் தாங்க முடிந்த சிரிப்பு இவ்வளவுதான் என்று ஓர் அளவு இருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு அது அந்த மண்டபத்திலேயே தீர்ந்துபோயிருக்கலாம்.

டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர் போகிற அன்று காலையில் அப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். நானும் தம்பியோடு போயிருந்தேன். வேறு தகப்பன்மார் யாரும் இல்லை. மைதீன்பாத்து மட்டும் ஒரு பொட்டலத்தில் அவித்த கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கிய அப்பா பிளாட்பாரத்தில் நின்றார். டீச்சர் ஜன்னல் வழியாகத் தம்பியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "தண்ணி கொதிச்சதும் மூடி வைங்க அண்ணாச்சி. ஈ வராம பாத்துக்கிடுங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். வண்டி நகர்ந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த சேவிகா நல்லவர்தான், விதிப்படி நடந்தார். சாயங்காலக் கதவு மூடப்பட்டது. தை மாதத்தில் அம்மா உடம்பு தேறித் திரும்பி வந்தாள். தம்பி அவளைக் கண்டு வீறிட்டு அழுது அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அம்மா கதவோரத்தில் நின்று, அழாமல், அவன் பழகட்டும் என்று காத்திருந்தாள். அதற்கு ஒரு மாதம் பிடித்தது. நடந்ததையெல்லாம் அவள் மைதீன்பாத்துவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மண்டபத்தில் நடந்தது உட்பட. அப்பாவிடம் அதைப்பற்றி ஒருநாளும் பேசவில்லை. "அந்த டீச்சரப் போயிப் பாத்துக் கும்புட்டுட்டு வருவோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அப்பா, பார்ப்போம் பார்ப்போம் என்று எழுந்து வெளியே போய்விடுவார்.

இன்று அந்த ஓட்டுக்கட்டிடம் இல்லை. அந்த இடத்தில் சீசனுக்கு வருகிற கார்கள் நிற்கின்றன. சாலையை அகலப்படுத்தியபோது வேப்பமரமும் போய்விட்டது. பால் பவுடர் வந்த தகர டின்களும், அவற்றைச் சோற்றுப்பானைக்கு மூடியாகவும் அரிசி அளக்கவும் வைத்திருந்த வீடுகளும் இல்லை. அப்பா போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது; அம்மா அவருக்குப் பின் வெகுகாலம் இருந்துவிட்டுப் போனாள். குற்றாலிங்கம் வீரகேரளம்புதூரில் கடை வைத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டான். "பவுடர் பிள்ளை" என்று சொன்னால் அவன் பேரப்பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆண் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் இப்போது யாரும் சிரிப்பதில்லை. அந்தச் சிரிப்பு எந்த வருஷத்தில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அம்மாவின் ஆசைக்காக, டீச்சரைத் தேடிப்பார்க்கலாம் என்று ஒருமுறை முயன்றேன். விசாரிக்கப் போன ஆபீசில், எங்கே என்று தேடுவது என்றார்கள். எந்த ஊர்க்காரர், யார் மகள், முழுப்பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பாவிடம் வந்து கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மைதீன்பாத்துவுக்கும் தெரியவில்லை, ஆயாவுக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவிலிருந்த ஒவ்வொரு கைப்பிள்ளையின் பெயரும் எடையும் அந்த அம்மாளுக்கு மனப்பாடம். இரண்டு வருஷம் எங்களோடு இருந்தார். சொந்த ஊர் எது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை.